வலப்பக்கத்து விளக்கு

மார்ச் மாதம் பதினெட்டாம் நாள், புதன்கிழமை. பன்னிரண்டு நாள்களாக ஊரின் தலைமேல் ஈரத்துணி போலக் கிடந்த மேகம் விடியற்காலையில் கலைந்தது. காலை ஏழரை மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. மரங்களில் ஓர் இலையும் அசையவில்லை.

அந்த வெயிலைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அத்தெருவில் பலர். மாடிக் கொடிகளில் படுக்கை விரிப்புகள் ஏறின. சாயக்கடைக்காரர் வாசலில் நின்று வானத்தை நோக்கிக் கும்பிடே போட்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் மட்டும் அந்த வெயில் வினையாக வந்து சேர்ந்தது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு அது. முன்னறையின் ஒரு பாதியில் மெக்கானிக்கின் மனைவியுடைய தையல் இயந்திரம் இருந்தது. விடுதிகளுக்குத் திரைச்சீலை தைப்பது அவள் தொழில். மறுபாதியில், சுவரைப் பார்த்தபடி, மகளின் வரைபலகை மேசை. அதற்கு இடப்பக்கம் சன்னல். மேசையின் வலப்பக்க விளிம்பில், இரும்புப் பட்டை வைத்து நான்கு திருகாணிகளால் இறுக்கிய ஒரு விளக்கு. அதைப் பொருத்தியவர் மெக்கானிக். பொருத்திய அன்று அதை ஆட்டி ஆட்டிப் பார்த்து, "யானை சாஞ்சாலும் அசையாது" என்று பெருமைப்பட்டுக் கொண்டவரும் அவரே.

போட்டியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே மண்மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்த அகழாய்வு அலுவலகம், பதினெட்டு வயது நிறையாத இளையோருக்குத் தொல்பொருள் வரைபடப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தது. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பானை ஓட்டுத் துண்டைப் பஞ்சு வைத்த பெட்டியில் இட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அதை அச்சடித்தது போலத் துல்லியமாக வரைந்து, ஓட்டையும் படத்தையும் பதினெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்குள் திருப்பித் தர வேண்டும். முதல் மூவருக்கு அகழாய்வின் வரைபட அறையில் ஒரு பருவம் முழுவதும் பயிற்சி.

மகளை வீட்டில் 'நண்டு' என்று அழைப்பார்கள். குழந்தையில் நேராக நடக்காமல் பக்கவாட்டில் தத்தியதால் வந்த பெயர். கணக்கில் இரண்டு முறை தோற்றபின் அவள் பள்ளிப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தாள், பேச்சும் குறைந்திருந்தது. அந்தப் பெண்தான் இப்போது ஓட்டின் தடிமனை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, "அப்பா, வாய் விளிம்பு உள்பக்கமா சாஞ்சிருக்கு பாரேன்" என்று தானாக வந்து சொன்னாள். அந்த 'பாரேன்' என்ற சொல்லுக்காக மெக்கானிக் இன்னும் நூறு விளக்குகளைப் பொருத்தத் தயாராக இருந்தார். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அவளுக்குப் பதினெட்டு நிறைகிறது. இந்த ஆண்டை விட்டால் அந்தக் கதவு அவளுக்கு மூடிவிடும்.

அந்த ஓட்டில், வாய் விளிம்புக்குக் கீழே, சுண்டைக்காய் அளவில் ஐந்து குமிழ்கள் வரிசையாகப் புடைத்திருந்தன. ஐந்தாவது, உடைந்த ஓரத்தில் பாதியாக நின்றது. புடைப்பைத் தாளில் காட்டுவதற்குக் கோடு உதவாது, புள்ளிகளே வேண்டும். நிழல் பக்கம் நெருக்கமாக, வெளிச்சப் பக்கம் கலைவாக, ஊசிமுனைப் பேனாவால் ஆயிரக்கணக்கில் வைக்க வேண்டும். பதினொரு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், நண்டு அவற்றை வைத்தாள். அவள் வைக்கும்போது தாய் தையல் இயந்திரத்தை மிதிக்க மாட்டாள், தரை அதிரும் என்பதால். இரண்டு திரைச்சீலைகள் அவ்வாறு பின்தங்கிப் போயிருந்தன.

முந்தைய நாளே படம் முடிந்துவிட்டது. புதன் காலை, நண்டு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, தாய் படத்தை மேசையிலிருந்து மெதுவாக எடுத்துச் சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பன்னிரண்டு நாள்களில் முதன்முறையாகச் சன்னலில் வெயில் இருந்தது.

"அழகா இருக்குடி," என்றாள். பின், சற்றுப் பொறுத்து, "ஆனா ஏன் அஞ்சையும் பள்ளமா போட்டிருக்கே?"

"பள்ளமா?" மெக்கானிக் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தார். "உனக்குத் திரைச்சீலையைத் தவிர என்ன தெரியும்? அது குமிழ்."

"ஓட்டுல குமிழ்தான். படத்துல பள்ளம். வந்து பாருங்களேன், பெரிசா சிரிக்கிறீங்க."

அவர் வந்து பார்த்தார். ஐந்து பள்ளங்கள் இருந்தன. யாரோ களிமண் ஈரமாக இருக்கையில் கட்டை விரலால் அழுத்தியது போல, ஒழுங்கான, அழகான ஐந்து பள்ளங்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பள்ளங்கள் பள்ளங்களாகவே இருந்தன.

நண்டு வாயில் நுரையோடு வந்து நின்றாள். தாயின் கையிலிருந்த படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். பள்ளங்கள் ஐந்தும் சட்டென்று மேலெழும்பிக் குமிழ்களாயின. மீண்டும் நேராக்கினாள். உள்ளே போய்விட்டன. அவள் போய் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வெளிச்சம்பா," என்றாள். "இடது பக்கத்துலேர்ந்து வரணும். விதித்தாள்லயே போட்டிருக்கு. உலகம் பூரா எல்லாரும் இடது பக்கத்துலேர்ந்து வெளிச்சம் வர்ற மாதிரிதான் வரைவாங்க. பார்க்கிறவங்க கண்ணும் அதுக்குத்தான் பழகியிருக்கும்."

"தெரிஞ்சிருந்தும் ஏன்டி..."

"வலப்பக்கம் விளக்கு எரிஞ்சுது. அந்த விளக்குலயே வரைஞ்சேன், அந்த விளக்குலயே பார்த்தேன். எனக்குக் குமிழாத்தான் தெரிஞ்சுதும்மா."

மூவருடைய பார்வையும் ஒரே நேரத்தில் அந்த விளக்கின் மேல் விழுந்தது. நண்டு இடக்கைக்காரி. முதலில் விளக்கு இடப்பக்கம்தான் இருந்தது. கையின் நிழல் பேனா முனையில் விழுகிறது என்று அவள் ஒருமுறை முணுமுணுத்தாள். அன்று மாலையே மெக்கானிக் துளையிடும் கருவியோடு வந்து அதை வலப்பக்கம் மாற்றிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே செய்ததில்தான் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

"விளக்கை மாட்டினது யாரு?" என்றாள் தாய்.

"அம்மா, நான்தான் நிழல் விழுதுன்னு சொன்னேன்."

"நீ சொன்னே. மாட்டினது யாருன்னு கேட்டேன்."

மெக்கானிக் மீதிப் பொத்தானைப் போட்டார். சுவர்க் கடிகாரம் ஏழு ஐம்பது காட்டியது.

எட்டரை மணிக்கு ஜெராக்ஸ் மாமா வந்தார். அவர் தாயின் தம்பி. கடைத்தெருவில் நகலெடுக்கும் கடை வைத்திருந்தார். படத்தைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கத் தம் சின்ன வேனில் அழைத்துப் போவதாக முன்பே சொல்லியிருந்தார். செய்தியைக் கேட்டதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் குதிரையேறியது போல உட்கார்ந்தார்.

"இவ்வளவுதானே? தலைகீழாக் கொடுத்துடு."

"வாய் விளிம்பு மேல இருக்கணும் மாமா."

"ஆமா, இல்லேன்னா தண்ணி கொட்டிடும்." தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார்; வேறு யாரும் சிரிக்கவில்லை. "சரி, முறைக்காதீங்க. இது டிரேசிங் தாள்தானே? இந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியும், அந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியும். பின்பக்கமா திருப்பு."

திருப்பினார். வல வெளிச்சம் இட வெளிச்சமாயிற்று. விளிம்பு மேலேயே இருந்தது. குமிழ்கள் ஐந்தும் கம்பீரமாக எழுந்து நின்றன.

"கடவுளே!" என்றாள் தாய், நெஞ்சில் கை வைத்து.

"பார்த்தியாக்கா? பதினைஞ்சு வருஷமா கண்ணாடி மேல காகிதத்தைப் புரட்டுறவன். எழுத்தும் அளவுகோலும் மட்டும் கண்ணாடி பிம்பமா இருக்கும். அதைச் சுரண்டிட்டு நேரா எழுதினா வேலை முடிஞ்சுது. மச்சான், ஒரு டீ சொல்லுங்க."

மெக்கானிக்கின் உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி ஓடியது. ஒரு பிளேடு, அரைமணி நேரம். அவருடைய நான்கு திருகாணிகள் செய்த பாவம் அதோடு கழுவப்பட்டுவிடும். நண்டும் பிளேடைக் கையில் எடுத்துவிட்டாள். பிறகு, வழக்கத்தின் காரணமாகவோ என்னவோ, பெட்டியிலிருந்து ஓட்டை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

ஓட்டில் உடைந்த குமிழ் வலக்கோடியில் இருந்தது. படத்தில் அது இடக்கோடியில் இருந்தது.

வெகுநேரம் அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செஞ்சிடலாமா நண்டு?" என்று மெக்கானிக் கேட்டார். கேட்ட குரல் அவருக்கே பிடிக்கவில்லை, இருந்தும் கேட்டார்.

"இது வேற ஓடுப்பா."

"அதே ஓடுதான், கொஞ்சம் திரும்பி..."

"இல்லப்பா. இப்படி ஒரு ஓடு உலகத்துலயே கிடையாது."

"கிடையாதுன்னு எவன் தேடிப் பார்த்தான்?" என்றார் மாமா. "இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டப் போறாங்க."

"அதுக்குத்தானே மாமா வரையிறதே? ஓடு பெட்டிக்குள்ள போயிடும். எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவங்க படத்தை மட்டும் வச்சுத்தான் முழுப் பானையையும் யோசிப்பாங்க. நான் பொய்யா வரைஞ்சா அவங்க பானையும் பொய்யாயிடும்."

"நாலாயிரம் வருஷம் முன்னாடி உடைஞ்ச பானைக்கு இவ்வளவு மரியாதையா!"

"நாலாயிரம் இல்ல, ரெண்டாயிரத்து ஐந்நூறு," என்றாள் நண்டு. பிளேடைக் கீழே வைத்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. குரல் மட்டும் நேராக இருந்தது. "அம்மா, இன்னொரு டிரேசிங் தாள் இருக்கு. ஓரமும் வெட்டுமுகமும் அளவும் தப்பில்ல, அதை இது மேல வச்சே ஒத்தி எடுத்துடலாம். புள்ளி மட்டும்தான் மறுபடி."

"இருபத்திரண்டு மணி நேரம் போட்ட புள்ளிடி!"

"அதுல பாதி நேரம் எங்க வைக்கிறதுன்னு யோசிச்சது. இப்ப யோசிக்க வேண்டாம். எல்லாம் எதிர்ப்பக்கம்."

மணி எட்டு ஐம்பது. அகழாய்வு அலுவலகத்துக்கு இருபது நிமிடப் பயணம். மாமா வேன் சாவியை மேசைமேல் வைத்தார். "மூணு மணிக்கு வர்றேன். மூணே கால் வரைக்கும் நிப்பேன். அதுக்கப்புறம் உன்னையும் மேசையையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடுவேன்," என்றார். பிறகு சாவியை மறந்துவிட்டுப் படியிறங்கிப் போய், மூச்சு வாங்க மறுபடி ஏறி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது மெக்கானிக்குக்கு ஒரு வேலை கிடைத்தது. திருகாணிகளைக் கழற்றி விளக்கை இடப்பக்கம் மாற்றினார். உடனே நண்டின் இடக்கை நிழல் தாளை மூடியது. இன்னொரு விளக்கைக் கொண்டுவந்து வலப்பக்கம் தாளுக்கு மட்டும் வைத்தார். அந்த வெளிச்சம் வழிந்து ஓட்டின் மேலும் பட்டு, நிழல்களைக் கரைத்தது. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து இரண்டுக்கும் நடுவில் தட்டியாக நிறுத்தினார். அது சாய்ந்தது. புத்தகம் முட்டுக் கொடுத்தார். நண்டின் முழங்கை பட்டு மறுபடி சாய்ந்தது. இறுதியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் பிடிப்பீங்க?" என்றாள் மனைவி.

"பிடிப்பேன்."

ஒன்பது ஐம்பதுக்கு ஓரக்கோடுகள் முடிந்தன. புள்ளிகள் தொடங்கின. டக், டக், டக். பேனா முனை தாளைத் தொடும் ஓசை, தொலைவில் எங்கோ குழாய் சொட்டுவது போல இருந்தது. தாய் தரையில் உட்கார்ந்து திரைச்சீலைகளுக்குக் கையாலேயே ஓரம் அடித்தாள். தெருவில் வண்டியொன்று ஒலியெழுப்பினால் மூவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

பத்தரைக்கு மெக்கானிக்கின் தொலைபேசி ஒலித்தது. மனைவி எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தாள். மேலாளர்.

"எங்கய்யா இருக்கே? ஆறு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னு போச்சு."

"காலையிலேயே லீவு சொன்னேனே சார். உள்ள ஆள் இருக்கா?"

"ஆள் இல்ல. ஒரு பீரோ இருக்கு."

"பீரோ மூச்சு முட்டிச் சாகாது சார். இன்னொரு ஆளை அனுப்புங்க."

"நீ என்னய்யா பண்றே வீட்ல?"

அவர் தம் கைகளைப் பார்த்தார். "ஒரு அட்டையைப் பிடிச்சிருக்கேன் சார்," என்றார்.

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நண்டின் உதட்டோரம் அன்று முதன்முறையாக அசைந்தது.

பதினொன்றே காலுக்கு முதல் குமிழ் எழுந்தது. எழுந்தது என்ற சொல்லை அவர்கள் அப்படியே புழங்கினார்கள். தாய் படத்தைச் சன்னலுக்கு எதிரே பிடித்து, "எழுந்திரிச்சாச்சு," என்று சொன்ன பிறகே அடுத்தது. இரண்டாவதில் கை ஏமாற்றிவிட்டது. பதினொரு நாள் பழகிய இடக்கை, அவள் அறியாமலே பழைய பக்கத்துக்குப் போய்ப் பத்துப் பதினைந்து புள்ளிகளை வைத்துவிட்டது. நண்டு பேனாவை எறியப் போனாள்.

"எறிஞ்சா முனை வளைஞ்சிடும்," என்றார் மெக்கானிக் தாழ்ந்த குரலில். "எறியணும்னா என் மேல எறி."

"நீ சும்மா இருப்பா."

"சும்மாத்தான் இருக்கேன். அஞ்சு விரலும் மரத்துப் போச்சு."

அவள் பிளேடின் முனையால் ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டினாள். சுரண்டிய இடம் சொரசொரப்பாயிற்று; அதன்மேல் மை பரவக்கூடும். நகத்தின் பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினாள். இருபத்தைந்து நிமிடங்கள் அதிலேயே கரைந்தன. மெக்கானிக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். ஆனால் கடிகாரம் அவருக்கு நேர் எதிரில் மாட்டியிருந்தது.

நண்பகலில் தாய் சோற்றைப் பிசைந்து உருட்டி, ஓர் உருண்டை மகள் வாயிலும் ஓர் உருண்டை கணவர் வாயிலுமாக ஊட்டினாள். "கல்யாணத்துல கூட உங்களுக்கு ஊட்டினதில்ல," என்றாள்.

"முட்டை இன்னும் கொஞ்சம் வை."

"வாயை மூடிட்டு மெல்லுங்க. அட்டை ஆடுது."

மூன்றாவது குமிழ் ஒன்றரை மணிக்கு எழுந்தது. நான்காவது, இரண்டு நாற்பதுக்கு. மெக்கானிக்கின் தோள்பட்டையில் தொடங்கிய வலி இப்போது தாடை வரை ஏறியிருந்தது. அந்த வலி அவருக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் மனம் சும்மா இருக்க வேண்டுமே! கைகளால் ஒன்றும் செய்ய இயலாத நேரத்தில் அது தன்பாட்டுக்கு ஓடியது. இவள் இன்று தோற்றால் வாய் திறந்து தன்னைக் குற்றம் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். கணக்கில் தோற்றபோதும் அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை, பேச்சைத்தான் நிறுத்திக்கொண்டாள். மறுபடி எத்தனை மாதம் அந்த மௌனத்தோடு ஒரே வீட்டில் உண்டு உறங்க வேண்டியிருக்கும்? திட்டிவிட்டாலாவது தேவலை.

மூன்று மணிக்கு மாமா வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார். "ஆச்சா?"

பேனாவின் டக் டக் நிற்கவில்லை. மூன்று ஐந்து. மூன்று பத்து. ஐந்தாவது, உடைந்த குமிழ், கால்வாசிதான் வந்திருந்தது.

"போகணும்," என்றார் மாமா.

"ரெண்டு நிமிஷம் மாமா."

"அந்த ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும். கடையில தினமும் நூறு பேர் கேக்கிறான்."

மூன்று பதினேழுக்கு நண்டு பேனாவை மூடினாள். படம் குழாய்க்குள் போயிற்று; ஓடு பெட்டிக்குள் போயிற்று. மெக்கானிக் அட்டையைக் கீழே வைத்தார். விரல்கள் அட்டையைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றன. தாய் வாசல் வரை வந்து, "பேனாவை எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அவர்கள் இரண்டாவது மாடியைக் கடக்கும்போதே மேலே தையல் இயந்திரம் மழை போல ஓடத் தொடங்கிவிட்டது.

வேனின் முன்னிருக்கையில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். காகிதக் கட்டுகளின் வாடை. நண்டு பெட்டியை மடியில் வைத்து இரு கைகளாலும் மூடியிருந்தாள், குருவிக்குஞ்சைப் பொத்தி வைத்திருப்பவள் போல. பாலத்தருகே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஒருவழிப் பாதை.

"இவனுங்களும் தோண்டுறானுங்க, அவங்களும் தோண்டுறாங்க," என்றார் மாமா. "இங்க கிடைக்கிறதை யாரும் வரைய மாட்டேங்கிறாங்க."

"மாமா, பார்த்து ஓட்டு."

"பாதிப் படத்தைக் கொடுத்தா ஏத்துப்பாங்களா?" என்றார் மாமா.

"தெரியல."

"பழைய படத்தையும் குழாய்க்குள்ள போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். சும்மா ஒரு பாதுகாப்புக்கு. திருப்பித்தான் காட்டணும்னு இல்ல, சும்மா..."

"மாப்ள," என்றார் மெக்கானிக். மாமா கியரை மாற்றினார்.

மூன்று நாற்பத்து நான்குக்கு அகழாய்வு அலுவலகத்தின் முற்றத்தில் வேன் நின்றது. நீளமான தகரக்கூரைக் கட்டடம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரைபட அறை. படங்களைப் பெறும் மேசையில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார் இருந்தார். வரைபடப் பிரிவின் பொறுப்பாளர். அவர் முதலில் ஓட்டை எடுத்து, சேதமில்லை என்று சரிபார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகே படத்தை விரித்தார்.

நான்கு குமிழ்களின் மேல் அவர் பார்வை நிதானமாக நகர்ந்தது. ஐந்தாவதில் நின்றது.

"இது முடியலையே."

"இல்ல மேடம்."

"முடிக்காததைப் போட்டியில சேர்க்க முடியாதும்மா."

மாமாவின் கை குழாயை நோக்கிப் போயிற்று. நண்டு அதன் மூடியின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அம்மையார் அதைக் கவனித்தார். அதில் என்ன இருக்கிறதென்று கேட்கவில்லை. நிமிர்ந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேனா இருக்கா?"

"இருக்கு மேடம்."

"நாலு மணிக்குத்தான் பதிவேட்டை மூடுவேன். இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு. ஓட்டையும் எடுத்துக்கிட்டு உள்ள அந்த மேசையில உட்காரு. பெரியவங்க வெளியில நில்லுங்க."

"நான் அவளுக்கு அட்டை பிடிக்கணும்," என்றார் மெக்கானிக்.

அம்மையார் அவரைப் பார்த்த பார்வையில் கடுமை இல்லை. மெக்கானிக் என்ன சொல்கிறார் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. "வெளியில நில்லுங்க சார்."

கதவு மூடியது. மெக்கானிக்கும் மாமாவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

நண்டு மேசைமுன் உட்கார்ந்து, ஓட்டை வைத்து, தாளை விரித்தாள். அப்போதுதான் மெக்கானிக் கவனித்தார். அறையில் விளக்கு எரியவில்லை. இருந்தது ஒரே ஒரு பெரிய சன்னல். மாலை வெயில் அதன் வழியே மேசைமேல் பாய்ந்துகொண்டிருந்தது, அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து.

"வலப்பக்கம்," என்றார் அவர். "மாப்ள, வெளிச்சம் வலப்பக்கம் வருது!"

"கத்தாதீங்க மச்சான், வெளிய அனுப்பிடுவாங்க."

அவர் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினார். தட்டினால் அவள் நிமிர்வாள். நிமிர்ந்தால் கை அசையும். அசைந்தால் மை சிந்தும். தட்டாவிட்டால் பழக்கப்பட்ட கை மறுபடி பள்ளத்தைத் தோண்டும். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பலநூறு லிஃப்டுகளின் அடியில், தலைக்கு மேல் ஒன்றரை டன் இரும்பு தொங்க வேலை செய்த மனிதர் அவர். இங்கே ஒரு கண்ணாடியைத் தட்ட அவருக்குத் துணிவில்லை.

நண்டு பேனாவின் மூடியைக் கழற்றினாள். ஓட்டைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். ஓட்டையும் தாளையும் அரைவட்டம் திருப்பி வைத்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். இப்போது சன்னல் அவளுக்கு இடப்பக்கம். அவளுடைய இடக்கையின் நிழல், கரிய மீன் போல, தாளின் மேல் நீண்டு விழுந்தது. அந்த நிழலுக்குள்ளேயே அவள் பேனாவை இறக்கினாள். ஒரு புள்ளி. கையை விலக்கிப் பார்த்தாள். மறுபடி இறக்கினாள்.

நிழலுக்குள்ளேயே வரைந்து, கையை விலக்கிப் பார்ப்பது! பதினொரு நாளில் அது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு விளக்கு, ஓர் அட்டை, நான்கு திருகாணிகள், ஐந்து மணி நேரம் மரத்துப்போன இரண்டு கைகள். மெக்கானிக் தம் ஓங்கிய கையைப் பார்த்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

இங்கிருந்து புள்ளிகள் தெரியவில்லை. அவள் முகமும், இறங்கி இறங்கி விலகும் கையும் மட்டுமே தெரிந்தன. மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்து மூன்று. அம்மையார் பதிவேட்டைத் திறந்து, முந்தைய பெயர்களின் கீழ்க் கோடு போட அளவுகோலை எடுத்து வைத்தார். மாமா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறாரா, வேண்டுகிறாரா என்று தெரியவில்லை. மூன்று ஐம்பத்தாறு. நண்டின் கை நின்றது. அவள் நெற்றி வியர்வையைத் தோளில் ஒற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

பின்னர் அவள் பேனாவை மூடினாள். படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அம்மையார் அதை மேசைமேல் நேராக வைத்து, ஆள்காட்டி விரலால் ஐந்தாவது குமிழின் மேல் தடவிப் பார்த்தார். வழவழப்பான தாள்தான், தடவினால் எதுவும் தட்டுப்படாது என்பது அவருக்குத் தெரியாததன்று. இருந்தும் தடவினார். பிறகு பதிவேட்டை இழுத்து, வரிசை எண் நாற்பத்தொன்று என்று எழுதி, அதற்கு நேரே நேரத்தையும் குறித்தார்: பிற்பகல் மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.